சண்டைக்கு ஏற்ற போன்

அந்த வீட்டில் யாரும் சத்தம் போட்டுச் சண்டை போட்டதே கிடையாது. அதனால் அங்கே சண்டையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அக்காவும் தம்பியும் ஆரம்பித்தால் நாலு கையும் இருபது விரலும் பறக்கும். சாப்பாட்டு மேசைமேல் இருக்கும் தண்ணீர் டம்ளரை அம்மா முதல் வேலையாக எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டு, இனிமேல் அடித்துக்கொள்ளுங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. தம்பிக்குப் பாம்புக் காது. என்றாலும் அவனும் வாய் திறந்து 'அம்மா' என்பதற்கு முன்னாலேயே கையால் பால் கேட்ட பிள்ளை. சைகை மொழிதான் அவனுக்கு முதல் மொழி, பேச்சு இரண்டாவது. கோபம் வந்தால் இரண்டாவது மொழி அவனுக்கு மறந்தே போகும். வேலை செய்யும் இடத்தில் மேலதிகாரியிடம் வாதாடும்போதுகூட அவன் கை பாதி வாக்கியத்தைச் சொல்லிவிடும். மேலதிகாரிக்கு மீதிப் பாதிதான் காதில் விழும். அதனால்தான் அவனுக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று அக்கா சொல்வாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அக்கா பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். யாரோ ஒருவர் வாயில் உட்காரப் போகிற பல்லை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அறுபது வயசு ஆளுக்கு எதற்கு இவ்வளவு வெள்ளை என்று மறுபடி மஞ்சள் பூசுகிற ரகம். மனிதர்களை அவள் பல்லை வைத்துத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வாள். சைகையில் அவள் வைக்கும் பெயர்களும் அப்படியே. பக்கத்து வீட்டுக்காரர் 'சிங்கப்பல்', தபால்காரர் 'தங்கக் கடைவாய்'. தம்பி ஒருவனுக்குத்தான் பல்லில்லாத பெயர். அவன் பிறந்தபோது அவனுக்குப் பல்லே இல்லை, அதனால் இடது காது மடலைப் பிடித்து இழுத்தால் அவன்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த வீட்டில் ஒரு கடிதம் வந்தது. எட்டு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் பெரிய நகரத்தில் ஒரு பெரிய லேப். பீங்கான் பல் பிரிவுக்கு அக்காவையே தலைவியாக வரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். அவளுக்குக் கீழே பதினோரு பேர். மூன்று வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சரி அல்லது இல்லை என்று பதில் எழுத வேண்டும். கடிதத்தைப் படித்துவிட்டு அம்மா அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு எழுந்துபோய் அடுப்பில் கருகிக்கொண்டிருந்ததை இறக்கினாள்.

அக்கா உடனே தலையாட்டிவிடவில்லை. முன்பு ஒரு தடவை இரண்டு மாதப் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தாள். அப்போது கையில் இருந்த பழைய போனில் வீடியோவில் பேசினால் விரல்கள் நனைந்த காகிதம் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெதுவாக, பெரிதாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னால்தான் புரியும். மெதுவாக என்ன பேச முடியும்? நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், சாப்பிட்டியா, சாப்பிட்டேன். இரண்டு மாதமும் இவ்வளவுதான். கிண்டல் இல்லை, வம்பு இல்லை, ஒருத்தர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருத்தர் குறுக்கே விழுவதில்லை. திரும்பி வந்தபோது பாதியாக இளைத்திருந்தாள். சாப்பாடு சரியில்லையா என்று அம்மா கேட்டதற்கு, சாப்பாடெல்லாம் பிரமாதம், திட்டுவதற்குத்தான் ஆள் இல்லை என்றாள்.

அதனால் இந்தத் தடவை ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"நல்ல போனா ஒண்ணு வாங்கணும். அதுல உன்னோட சண்டை போட முடியணும். முடிஞ்சா போறேன். முடியலேன்னா வரலைன்னு எழுதிடறேன்."

இவ்வளவுதான் விஷயம். ஒரு போன் சரியாக அமைந்தால் அக்கா போவாள், அமையாவிட்டால் இருப்பாள். எந்தப் போன் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பைத் தம்பி ஏற்றுக்கொண்டான். அவனைக் கேட்டிருந்தால், அவ போய்ப் பெரிய ஆளா வரணும் என்றுதான் சொல்லியிருப்பான். அப்படிச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் அவன் முகத்தை அவனே பார்க்க முடியாதல்லவா?

கடைத்தெருவில் அந்த வருஷம் இரண்டு போன்களுக்கு நடுவில்தான் போட்டி. இரண்டும் அதனதன் கம்பெனியின் தலைப்பிள்ளை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை, ஒரே உயரம், ஒரே அலட்டல். ஒன்றுக்கு முதுகில் மூன்று பெரிய கேமரா கண்கள். அக்கா அதற்கு முக்கண்ணன் என்று பெயர் வைத்தாள். இன்னொன்றுக்கு முதுகின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை, அது பட்டை. மற்றவர்கள் எல்லாம் எதற்கு வேகம் அதிகம், எதில் விளையாட்டு நன்றாக ஓடும் என்று ஒப்பிட்டு வீடியோ போட்டிருந்தார்கள். தம்பி அத்தனையையும் உட்கார்ந்து பார்த்தான். அக்காவும் தம்பியும் கையால் சண்டை போட எது உசத்தி என்று ஒருத்தனும் சொல்லவில்லை.

லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கயிறு, பிரேக், கதவு, விளக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பார்த்ததைப் படிவத்தில் எழுதி, எல்லாம் சரி என்றால்தான் கையெழுத்து. தம்பி ஒரு பெரிய தாளில் கோடு போட்டு, ஒரு பக்கம் முக்கண்ணன், ஒரு பக்கம் பட்டை என்று எழுதி, நடுவில் சோதனைகளை வரிசையாக அடுக்கினான். எழுத்து எழுத்தாக விரலில் வேகமாகச் சொன்னால் குழையுதா? மங்கிய வெளிச்சத்தில் சுண்டுவிரல் தெரியுதா? இரண்டு முழங்கையும் படத்துக்குள் அடங்குதா? அக்காவும் சும்மா இருக்கவில்லை, அவள் பங்குக்கு அவள் எழுதினாள். அம்மா அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, என்னைக் கட்டிக்க உங்க அப்பா இதுல பாதிகூட விசாரிக்கலை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

முதல் சனிக்கிழமை கடைக்குப் போனார்கள். இரண்டு மாடிக் கடை. கீழ்த்தளத்தில் ஒரு மேசை, மேல்தளத்தில் ஒரு மேசை. இரண்டிலும் அதே இரண்டு போன்களைத் திருட்டுப் போகாமல் கம்பி போட்டுக் கட்டி, தாங்கியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். விற்பனையைக் கவனித்த அம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். முகமெல்லாம் சிரிப்பு. வந்ததும் வராததுமாக அக்காவின் கையில் முக்கண்ணனைத் திணித்து, இதன் ஸ்பீக்கர் இருக்கிறதே, கண்ணை மூடிக் கேட்டால் கச்சேரி அரங்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும் என்று மூச்சு விடாமல் ஐந்து நிமிஷம் சொன்னாள். அக்கா மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். அந்த அம்மாள் பட்டையின் ஸ்பீக்கரையும் ஆரம்பித்தபோதுதான் தம்பி மெதுவாக விஷயத்தைச் சொன்னான். அவள் முகம் செத்துப்போயிற்று. அக்கா அவள் தோளைத் தட்டி, நீங்கள் சொன்னவிதமே நன்றாக இருந்தது, மிச்சத்தையும் சொல்லுங்கள் என்று தம்பி மூலமாகச் சொல்லவைத்தாள். பிறகு தம்பியின் பக்கம் திரும்பி, ஆள்காட்டி விரலை முன்பல் இரண்டுக்கும் நடுவில் வைத்துக் காட்டினாள். அந்த அம்மாளுக்கு அங்கே ஒரு சின்ன இடைவெளி. என்ன சொல்கிறார்கள் என்று அவள் ஆசையாகக் கேட்டாள். உங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறாள், 'சிரித்த முகம்' என்று அர்த்தம் என்றான் தம்பி. பொய்தான். ஆனால் அந்த அம்மாளுக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

சோதனை ஆரம்பமானது. அக்கா மேலே போய் முக்கண்ணன் முன்னால் நின்றாள், தம்பி கீழே பட்டை முன்னால் நின்றான். வீடியோவில் பேசினார்கள். பிறகு மாற்றி நின்று பேசினார்கள். ஒவ்வொரு சோதனையிலும் தனக்கு எப்படித் தெரிந்தது என்று அக்கா பத்துக்கு ஒரு மதிப்பெண் சொல்வாள். தம்பி அதைத் தாளில், அவள் முன்னால் இருக்கும் போனின் பெயருக்குக் கீழே எழுதிக்கொள்வான். ஒன்று எட்டரை வாங்கினால் இன்னொன்று எட்டு வாங்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் இன்னும் இரண்டு சோதனை பாக்கியிருப்பதுபோல் தோன்றும். அடுத்த சனிக்கிழமை மறுபடி போவார்கள்.

இரண்டாவது சனிக்கிழமை அக்கா வீட்டிலிருந்து தலையணையையே எடுத்து வந்துவிட்டாள். காலையில் அவளை எழுப்புவது போனின் அதிர்வுதான். அதைத் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்க்காமல் எப்படி வாங்குவது? கடைக்காரர்கள் கம்பியை அவிழ்த்துக் கொடுத்தார்கள். அங்கே போட்டிருந்த சோபாவில் கால் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தம்பி ஐந்தடி தள்ளி நின்று போன் அடித்தான். முக்கண்ணன் அதிர்ந்தபோது மெதுவாகக் கண் திறந்தாள். பட்டை அதிர்ந்தபோது துள்ளி எழுந்தாள். அவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்து, வாசலில் நின்ற காவலாளி தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். அன்றிலிருந்து அந்தக் கடையில் இவர்களைத் தெரியாதவர் கிடையாது. 'சிரித்த முகம்' கையால் 'வாங்க' என்றும் 'டீ வேணுமா' என்றும் கேட்கக் கற்றுக்கொண்டாள். எப்போதாவது வாங்குவார்களா என்று கேட்க மட்டும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாவது சனிக்கிழமையும் போயிற்று. தாளில் சோதனைகள் முப்பத்தொன்றாக வளர்ந்தன. பட்டைக்கும் முக்கண்ணனுக்கும் ஒரே ஒரு மதிப்பெண்தான் வித்தியாசம். அது போதாது, இன்னும் கொஞ்சம் பார்த்துவிடலாம் என்றான் தம்பி. அக்காவும் சரி என்றாள். வியாழக்கிழமை அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். இரண்டு பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு மூன்று மணிக்குக் கடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடைசிச் சோதனை ஒன்றுதான் பாக்கி: சண்டை. அக்கா மேலே முக்கண்ணனிடம் போனாள். தம்பி கீழே, மாடிப்படிக்கு அடியில் வெளிச்சம் குறைந்த மூலையில் இருந்த பட்டையிடம் நின்றான். அழைப்பு போயிற்று, இரண்டு முகமும் வந்தன.

ஆனால் நாள் குறித்து நேரம் பார்த்துச் சண்டை போட யாருக்கு வரும்? நீ ஒரு மக்கு என்று தம்பி ஆரம்பித்தான். நீ ஒரு கழுதை என்றாள் அக்கா, மரியாதையாக, இரண்டு கையாலும். இரண்டு பேருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சின்ன வயதில் என் கிரேயானைத் தின்றவனே என்று அக்கா இழுத்துப் பார்த்தாள். அதுவும் வேலைக்கு ஆகவில்லை. அப்போதுதான் அவள், அந்தத் தாளைக் கொஞ்சம் காட்டு, இதுவரைக்கும் யார் முன்னால் என்று பார்க்கிறேன் என்றாள். தம்பி தாளை போனுக்கு நேரே பிடித்தான். எழுத்தெல்லாம் கல்லில் வெட்டினதுபோல மேலே தெரிந்தது.

அக்கா படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது.

நான் முக்கண்ணன் முன்னால் நின்று உன்னைத் தெளிவாகப் பார்த்தேன் என்றால் மதிப்பெண்ணை முக்கண்ணனுக்கா போட்டாய் என்று கேட்டாள். பின்னே என்றான் தம்பி. அப்போது உன்னைப் படம் பிடித்தது எது? என் முன்னால் இருந்த போனா, உன் முன்னால் இருந்த போனா?

அந்த வீட்டில் பார்ப்பதுதான் கேட்பது. நன்றாகக் கேட்டது என்றால் கேட்டவரின் காதைத்தானே எல்லோரும் பாராட்டுவார்கள்? அப்படித்தான் அவனும் மூன்று வாரமாகப் பார்த்தவள் பக்கத்துப் போனுக்கு மார்க் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். பட்டை பிடித்த படத்துக்கு முக்கண்ணன் பரிசு வாங்கியிருக்கிறது, முக்கண்ணன் பிடித்த படத்துக்குப் பட்டை. படம் சம்பந்தப்பட்ட அத்தனை வரியும் தலைகீழ். ஒரு லிஃப்ட்டின் படிவத்தில் இப்படி எழுதியிருந்தால் மேலே போக வேண்டியவர்கள் பாதாளத்துக்குப் போயிருப்பார்கள். அவன் அசடு வழிந்தான். அக்கா சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள். சிரிப்புக்கு நடுவில், பரவாயில்லை, மேலே இருக்கிற தலைப்பு இரண்டையும் மாற்றி எழுது, முடிந்தது கதை என்றாள்.

அது உண்மைதான். பேனாவால் இரண்டு சொல்லை அடித்து எழுதினால் போதும். ஆனால் தம்பி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, அது முறையில்லை, தப்பான படிவத்தைத் திருத்தக்கூடாது, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும் என்றான். இன்னும் ஒரு வாரம் ஆகும்.

அக்காவின் சிரிப்பு நின்றது.

இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள். அவனுக்குத் தெரியும். மணி என்ன? அதுவும் தெரியும், நாலடிக்கப் போகிறது. தெரிந்துமா ஒரு வாரம் என்கிறாய்? அரைகுறையாகப் பார்த்து வாங்கச் சொல்கிறாயா என்று அவன் திருப்பிக் கேட்டான். பழைய பைக்கை ஒரே நாளில், ஓட்டிக்கூடப் பார்க்காமல் வாங்கினவன்தானே நீ என்றாள். பைக் வேறு, இது வேறு என்றான். என்ன வேறு என்றாள். உனக்காக ராத்திரி பகலாக உட்கார்ந்து முப்பத்தொரு வரி எழுதினேன், நன்றிகெட்டவளே என்றான். எனக்காகவா, யாருக்காக என்று நெஞ்சில் கை வைத்துச் சொல் என்றாள். இப்போது ஒருத்தர் முடிப்பதற்காக இன்னொருத்தர் காத்திருக்கவில்லை. மேலே இரண்டு கை, கீழே இரண்டு கை, நாலும் ஒரே நேரத்தில் பறந்தன. படியேறிக்கொண்டிருந்தவர்கள் பாதிப் படியில் நின்று மேலேயும் கீழேயும் மாறி மாறிப் பார்த்தார்கள். 'சிரித்த முகம்' கையைப் பிசைந்துகொண்டு மேனேஜரைக் கூப்பிடலாமா என்று யோசித்தாள். கடையில் ஒரு சத்தமும் இல்லை, ஆனால் கடையே நடுங்குவதுபோல் அவளுக்கு இருந்தது.

"செவிடன் காதுல சங்கு ஊதற மாதிரின்னு சொல்வாங்களே, அது என்னைப் பத்தி இல்லைடா. உன்னைப் பத்தி. மூணு வாரமா உன் மனசு உனக்கு ஊதிக்கிட்டே இருக்கு, உன் காதுலதான் விழலை. நான் போறது உனக்குப் பிடிக்கலை. ஆமாவா, இல்லையா?"

தம்பியின் கை அந்தரத்தில் நின்றது. இல்லை என்று சொல்லத்தான் தூக்கினான். அக்காவின் பத்து விரலும் திரையில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. சாப்பாட்டு மேசையில் அம்மா டம்ளரை நகர்த்த வேண்டிய அவசியமே இல்லாத ஒரு வீடு கண்முன்னால் வந்தது. மூன்று வாரமாகத் தான் செய்துகொண்டிருந்தது இன்னதென்று அப்போதுதான் அவனுக்கே புரிந்தது. வெட்கத்தில் கை தானாகக் கீழே இறங்கியது. மூடிய கையை மணிக்கட்டோடு ஒரு தடவை ஆட்டினால் 'ஆமாம்'. அதைத் தூக்கிச் சொல்லத் தெம்பில்லை. மேசை விளிம்பில் வைத்த கையை வைத்தபடியே, அந்த இருட்டு மூலையில், ஒரு நூல் அளவு ஆட்டினான். பக்கத்தில் நின்று பார்த்த ஆளுக்குக்கூட அது தெரிந்திருக்காது.

மேலே அக்கா திரைக்குக் கிட்டே குனிந்தாள். பிறகு சொன்னாள்.

"பார்த்துட்டேன்."

அவன் தலை நிமிர்ந்தான். இவ்வளவு சின்னதாகச் சொன்னதையா?

அந்தத் தாளை எடு, அதில் உன் எழுத்தில் எத்தனை வரி, என் எழுத்தில் எத்தனை வரி என்று பார் என்றாள் அக்கா. அவன் பார்த்தான். கொஞ்ச நேரம் பிடித்தது. முப்பத்தொன்றில் பத்தொன்பது அவளுடையது. தலையணை அவளுடையது. ஒரு கையில் பல் தேய்த்துக்கொண்டே மறுகையால் பேசினால் புரியுமா என்பது அவளுடையது. போனை எண்ணெய்க் கையோடு பிடித்தால் வழுக்குமா என்பதும் அவளுடையதுதான். அவள் ஆயுசில் அடுப்படிப் பக்கம் போனதில்லை.

"எனக்கும் பயமாத்தான்டா இருந்தது. இந்தப் பேப்பர் முடியவே கூடாதுன்னு நானும்தான் எழுதிக்கிட்டே இருந்தேன். அங்கே போனதும் மறுபடி நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்னு ஆயிடுமோன்னு பயம். இப்ப இல்லை. நீ மறைச்சு வைச்சு சொன்னது மாடியில நிக்கிற எனக்குத் தெரியுது. நான் போறேன்."

தம்பிக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே வாசல் வழியாக வர முட்டி மோதின. அவன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான். கடை முழுக்கப் பார்க்கும்படி, லிஃப்ட் குழிக்குள் நின்று ஏழாவது மாடிக்காரனுக்குச் சைகை காட்டுகிற அளவு பெரிதாகச் சொன்னான்.

"எனக்குப் பிடிக்கலை. சுத்தமா பிடிக்கலை. போ. போய் அந்தப் பதினோரு பேரையும் ஒரு வழி பண்ணு."

அக்கா அங்கேயே, முக்காலியில் உட்கார்ந்தபடியே, தன் பழைய போனில் பதிலைத் தட்டினாள். நாலு இருபதுக்கு அனுப்பினாள். அனுப்பியதைத் தம்பிக்குக் காட்டினாள். தம்பி தாளில் தலைப்பைத் திருத்தவில்லை. தாளையே நாலாக மடித்து, அங்கிருந்த குப்பைக்கூடையில் போட்டான்.

அக்கா இறங்கி வந்தாள். அடுத்த ரகளை அங்கே ஆரம்பித்தது. அவள் பட்டையைக் காட்டி, இதை நீ எடுத்துக்கொள் என்றாள். போகிறவள் நீ, எனக்கெதற்கு என்றான் அவன். உன் இருட்டு மூலையையும் உன் திருட்டுக் கையையும் எனக்குக் காட்டியது இதுதானே, இது உன்னிடம் இருந்தால்தான் எனக்கு லாபம், பெரிய தியாகம் என்று நினைத்துக்கொள்ளாதே என்றாள். அப்படியானால் முக்கண்ணனை நீ கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும், உன் கையை எனக்குக் காட்டியது அதுதான், நானும் தியாகி இல்லை என்றான். நீ எடுத்துக்கொள், இல்லை நீ எடுத்துக்கொள் என்று பச்சைச் சுயநலத்தோடு ஒருத்தர் கையில் ஒருத்தர் திணித்தார்கள். கடைசியில் தம்பி பைக் மாற்ற வைத்திருந்த பணத்தை அக்காவின் போனுக்குக் கொடுத்தான். அக்கா வேலை கிடைத்த தைரியத்தில் தம்பியின் போனுக்குக் கொடுத்தாள். சோதனைத் தாள் இல்லாமலேயே தம்பி கையெழுத்தைப் போட்டான்.

'சிரித்த முகம்' இரண்டு டப்பாவையும் துடைத்துத் துடைத்து எடுத்து வந்தாள். நாலு தடவை வந்து ஆளாளுக்கு டீ குடித்துப் போனவர்கள் இரண்டாக வாங்குவார்கள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. ஊருக்குப் போவது அக்காதானே, இரண்டு எதற்கு என்று அவள் கேட்டாள். தம்பி வாயால் பதில் சொன்னான். அன்று மதியத்திலிருந்து அவன் வாய் திறந்து சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான்.

"அவளுக்கு வாங்கறது நான் பார்க்க. எனக்கு வாங்கறது அவ பார்க்க."

அந்த அம்மாள் இதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். யோசித்து முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உறை இரண்டையும் காசு வாங்காமல் போட்டுக் கொடுத்தாள்.

வெளியே இன்னும் நல்ல வெயில். தெருவில் வண்டிகள் ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டு போயின. அம்மாவுக்குச் செய்தி அனுப்பினார்கள். அம்மா ஒரு வரியில் இரண்டு கேள்வியும் மூன்று ஆச்சரியக்குறியும் போட்டுப் பதில் அனுப்பினாள். தம்பி பஸ் நிறுத்தத்தில் நின்று தன் புதுப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அது கையில் அதிர்ந்தது. நாலடி தள்ளி, நிழற்குடையின் மறு ஓரத்தில் நின்றுகொண்டு அக்காதான் கூப்பிட்டிருந்தாள். எடுத்தான். திரையில் அவள் முகம், அவள் பல், போனைப் பிடிக்காத கையின் ஐந்து நகமும் தெரிந்தன. அவள் ஒரு கையால் சொன்னாள்.

"கண்ணைத் தொடை. எல்லாம் தெரியுது."

அவன் துடைத்துக்கொண்டான். நிமிர்ந்து பார்த்தபோது அவளும் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள்.